வளையத்துக்குக் கீழே ஒரு குரல்

வியாழன், காலை 6.10.

கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்பட்டோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்து நிலையம் வர ஷேர் ஆட்டோக்காரர் இருபது ரூபாய் வாங்கினார். போன மாதம் பதினைந்து. கேட்டால், "நடந்து போலாமே பெரியவரே" என்கிறார். எனக்கு வயது எழுபத்து மூன்று.

வண்டியில் என்னோடு வந்தவர்கள்: என் தங்கை மகன் ராஜவேலு, அவன் பயிற்சி கொடுக்கும் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் பத்துப் பேர். நான்கு பந்துகளும் ஒரு கிலோ புளியங்கொட்டையும் கூட வந்தன. புளியங்கொட்டை என்னுடையது. பை ஓட்டை வழியாக இரண்டு கொட்டைகள் உருண்டு போனதைப் பார்த்துவிட்டு, எதிர் இருக்கையில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் கேட்டார்.

"தாயம் ஆடப் போறீங்களா?"

"எண்ணப் போறேம்மா."

"இந்த வயசுல இன்னாத்த எண்ணப் போறீங்க? மிச்சம் இருக்கிற நாளையா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் ஆலப்பாக்கத்தில் இறங்கும் வரை என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டுவோம். அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, எடை போடுவோம். அதை வைத்து மாவட்டம் முழுக்க எவ்வளவு விளைந்தது என்று சொல்வோம். எண்ணுவது எனக்குத் திறமை அல்ல, உபாதை. தூங்கப் போகும்போதுகூட மின்விசிறி சுற்றுவதை எண்ணுகிறேன்.

என்னை ராஜவேலு அழைத்துக்கொண்டு போனதற்குக் காரணம் அந்த உபாதைதான். அவனுக்கும் எனக்கும் பல வருடமாக ஒரு வழக்கு. கூடையில் பந்து போடுகிறவன்தான் ஜெயிப்பான் என்பது என் கட்சி. போட விடாமல் தடுக்கிறவன்தான் ஜெயிப்பான் என்பது அவன் கட்சி.

"ஒரு மேட்சுன்னா நீங்க சொல்றது சரி மாமா. டோர்னமென்ட் அப்பிடி இல்ல. புது ஊரு, புது ரிங்கு, தினம் ஒரு மேட்சு. நேத்து வுழுந்த பந்து இன்னிக்கி வுழாது. கைய நம்ப முடியாது. காலு அப்பிடி இல்ல. ஓடணும்னு நெனச்சா ஓடும்."

"சரிடா, தடுத்ததை எப்படி எண்ணுவேன்? விழாத பந்து எங்க இருக்கு? அறுக்காத நெல்லை எடை போடச் சொல்றியா?"

"பந்த எண்ண வாணாம். வாய எண்ணுங்க."

அவன் சொன்னது இதுதான். தடுத்து ஆடும்போது அவன் பெண்கள் பேசிக்கொண்டே ஆடுவார்கள். பந்து வைத்திருப்பவளை மறிக்கிறவள் 'பந்து, பந்து' என்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் 'இடது' என்றும் 'வலது' என்றும் 'உள்ள வரா' என்றும் கத்துவார்கள். பேச்சு குறைந்தால் கால் குறைகிறது என்று பொருள். யார் எத்தனை முறை பேசினார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டியது என் வேலை. ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் காகிதமும் பேனாவும் உதவாது. ஐந்து பேப்பர் கப், ஐந்து பேருக்கு. ஒரு சத்தத்துக்கு ஒரு புளியங்கொட்டை.

வண்டி புதுச்சத்திரம் தாண்டும்போது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கல்லூரி நிர்வாகம் முடிவாகச் சொல்லிவிட்டதாம். இந்த முறை இறுதி ஆட்டம் வரை போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். விளையாட்டுக்காகக் கிடைத்த கட்டணச் சலுகையும் விடுதி இடமும் போய்விடும். பத்தில் ஆறு பெண்கள் அதை நம்பித்தான் படிக்கிறார்கள்.

"உன் வேலை?"

"அது கெடக்குது மாமா. கயலப் பாருங்க."

முன் இருக்கையில் ஜன்னலோரம் குள்ளமான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கயல்விழி, காடாம்புலியூர்க்காரி. வீட்டில் முந்திரித் தோப்பு ஒன்றரை ஏக்கர், அக்கா தங்கைகள் நான்கு பேர். சலுகை போனால் அன்றைக்கே அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி போனபோது எல்லாப் பெண்களும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் பின்னால் திரும்பி, கடைசி இருக்கையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

வியாழன், பிற்பகல் 3.00.

போட்டி நடந்த மைதானம் ஊரைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர். சிமெண்டுத் தளம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தூங்குமூஞ்சி மரங்கள். பார்வையாளர்கள் என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். எங்கள் அணி தடுக்க வேண்டிய வளையத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில் இரு அணிகளும் பக்கம் மாறுகின்றன. நான்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்முனைக்கு நடக்க வேண்டியிருந்தது. யாரும் உதவவில்லை.

அணித் தலைவி சுகன்யா. கரகரத்த குரல். முன்னால் நின்று பந்து வைத்திருப்பவளை மறிப்பது அவள் வேலை. எதிராளியின் மூச்சுக் காற்று படும் தூரத்தில் நிற்கிறாள். ஏமாந்தால் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்ற பயமே இல்லை. வளையத்துக்குக் கீழே கடைசி ஆளாகக் கயல். நடுவில் மூன்று பேர். கால்மணி நேரத்தில் ஐந்து குரலையும் பிரித்து அறிந்துகொண்டேன். கீழேயிருந்து வந்தது மெல்லிய, தெளிவான குரல். 'இருக்கேன்' என்று ஒரே வார்த்தை. ஒவ்வொரு முறை சுகன்யா முன்னால் பாயும்போதும் அது வந்தது. அது வந்ததும் சுகன்யா இன்னும் ஓர் அடி நெருங்குவாள்.

எங்கள் அணி முப்பத்து நான்கு, எதிரணி இருபத்திரண்டு. முப்பத்து நான்கு ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. பக்கத்துத் தளத்தில் மேற்கு மாவட்டத்து அணி ஒன்று எழுபத்தொன்று போட்டிருந்தது. அதை ராஜவேலுவிடம் சொன்னேன்.

"நாளைக்கிப் பாருங்க" என்றான்.

கப்புகளைக் கொட்டி எண்ணினேன். சுகன்யா ஐம்பத்தாறு. மற்ற மூவரும் முப்பதிலிருந்து நாற்பதுக்குள். கயல் அறுபத்து மூன்று.

"உன் காடாம்புலியூர்ப் பெண்தான் எல்லாரையும் விட அதிகமா பேசுது."

ராஜவேலு சிரித்தான். "எந்தக் கப்ப எங்க வெச்சீங்க? அவ ஊமக் கோட்டான் மாமா. ரெண்டு மாசமா கெஞ்சறன், வாயத் தெறக்க மாட்டங்கறா."

"தெளிவாகக் கேட்டேன். 'இருக்கேன், இருக்கேன்' என்று."

அவன் முகம் மாறிவிட்டது. கப்பிலிருந்த கொட்டைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான். பிறகு பெண்கள் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான்.

வளையத்துக்குக் கீழே முன்பு நின்றவள் ஜெனிட்டா. கடலூர் முதுநகர்ப் பெண், நல்ல உயரம். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் இறந்துபோனாள். பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளுக்குத் துணை இருப்பதாகச் சொல்ல எல்லா அணியிலும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. ஜெனிட்டா அதைச் சொல்ல மாட்டாள். 'இருக்கேன்' என்பாள். அடக்கம் முடிந்து வந்த அன்று சுகன்யா எல்லாரையும் கூப்பிட்டு, இனி தளத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாள்.

"அப்படியென்றால் நான் கேட்டது?"

"வயசாச்சு மாமா" என்றான். ஆனால் அந்தக் கொட்டைகளைக் கப்பில் திரும்பப் போடாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தெற்கு வீதியில் தங்கும் விடுதி, நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய். குழாய் மூடினாலும் சொட்டுகிறது. அன்று இரவு எண்ணத் தோன்றவில்லை.

வெள்ளி, காலை 7.30.

பனி. தை மாதத்தில் இங்கே வாய்க்கால் பக்கமிருந்து ஏறி வரும் பனி கடலூர்ப் பனியைப் போல் உடனே கலைவதில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு வளையத்துக்கு அடியில் உட்கார்ந்தால் எதிர் வளையம் தெரியவில்லை. நடுவர்கள் அரை மணி நேரம் காத்திருந்து, நடுக்கோடு தெரிந்ததும் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தடுத்து ஆட்டம் இருக்கிறதாம்.

பந்து ஈரம், தரை ஈரம். இரு அணியும் போட்டதெல்லாம் பலகையில் பட்டுத் திரும்பியது. இந்த நிலையில் ராஜவேலு சொன்னது எனக்கு விளங்கத் தொடங்கியது. பந்து போடுவதற்கு வெளிச்சம் வேண்டும், காற்று அடங்க வேண்டும், பந்து காய்ந்திருக்க வேண்டும். எதிரில் நிற்பவளை மறிப்பதற்கு எதுவுமே வேண்டியதில்லை, பனியாக இருந்தால் இன்னும் சௌகரியம். பக்கத்துத் தளத்தில் முந்தின நாள் எழுபத்தொன்று போட்ட அணி அன்று காலை இருபத்தொன்பதோடு நின்று தோற்றது. அவர்களுக்குப் போடத் தெரியும். போட முடியாத நாளில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் பக்கவாட்டில் தெரிந்த கயலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவே பதினைந்து அடிகூட இல்லை. சுகன்யா முன்னால் பாய்ந்தாள். கயலின் உதடுகள் ஒட்டியிருந்தன.

"இருக்கேன்."

குரல் கயலுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதாவது அவளுக்கும் எனக்கும் நடுவிலிருந்து. கை தானாகக் கொட்டையை எடுத்தது. எந்தக் கப்பில் போடுவது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் கால்பகுதியில் நடுவர் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார். அதே நொடியில் எதிரணிப் பயிற்சியாளர் கோட்டோரம் ஓடி வந்தார்.

"ஆறு பேரு சார்! ஆறு பேரு நிக்கிறாங்க! டெக்னிகல் குடுங்க!"

ஐந்து பேருக்கு மேல் தளத்தில் நின்றால் தண்டனை. நடுவர் விரல் நீட்டி எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். பிறகு எல்லாரையும் கை தூக்கச் சொன்னார். பனிக்குள் ஐந்து கைகள் உயர்ந்தன. நானும் எண்ணினேன். ஐந்துதான்.

"சத்தியமா சார்" என்றார் எதிரணிக்காரர். குரல் இறங்கிவிட்டது. "ரிங்குக்குக் கீழ ஒசரமா ஒரு பொண்ணு நின்னுது. கையக் கூட விரிச்சிகினு நின்னுது."

"போங்க சார், போய் உக்காருங்க."

சுகன்யா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். ராஜவேலு வாய்க்காலைப் பார்த்தான். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. முப்பத்தொன்று, பத்தொன்பது. வென்றுவிட்டோம்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் அந்த நடுவர் என் பக்கத்தில் வந்து நின்றார். டீ பதினைந்து ரூபாய், கடலூரை விட இரண்டு ரூபாய் அதிகம், அளவு குறைவு.

"அந்த ஆளு கத்துனதால நான் விசில் அடிக்கல சார்" என்றார். "அதுக்கு மின்னாடியே அடிச்சிட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளி, மாலை 5.00.

மேலவீதி ஓட்டலில் பெண்களுக்கு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். கொத்சு இந்த ஊருக்கென்று உள்ள பதார்த்தம். சுட்ட கத்திரிக்காயை மசித்துப் புளியில் கொதிக்கவிடுகிறார்கள். நன்றாக இருந்தது என்று எழுதியாக வேண்டும். எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. கயல் சாப்பிடவில்லை. கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் கேட்டாள்.

"தாத்தா, காடாம்புலியூர் போறதுக்கு இங்கேருந்து நேரா பஸ் இருக்குதா?"

"இப்ப எதுக்கு?"

"வூட்டுக்குப் போறேன். என்னால ஆவாது."

"நாளைக்கு அரையிறுதி. ஜெயித்தால் இறுதி ஆட்டம், எல்லாம் நிலைக்கும். நீ போய்விட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது?"

"அந்த எடத்துலதான் ஏற்கெனவே ஆளு நிக்கிதே" என்றாள்.

அழவில்லை. விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். முதல் பயிற்சியிலிருந்தே முதுகுக்குப் பின்னால் கேட்கிறதாம். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு பார்ப்பதில்லை. 'இடது போ' என்றால் இடது போவாள். பந்து அங்கேதான் வரும். ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

"எல்லாரும் கயலு நல்லா ஆடுறான்னு சொல்றாங்க தாத்தா. நான் எங்க ஆடுறேன்? நான் சும்மா நிக்கிறேன். அவுங்க ஆடுறாங்க."

"மற்றவர்களுக்குத் தெரியுமா?"

"கேக்க பயமா இருக்குது. ஆமான்னு சொல்லிட்டா?"

நேர் பேருந்து இருந்தது. பண்ருட்டி வண்டி, காடாம்புலியூரில் நிற்கும். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சனி, காலை 8.00.

அரையிறுதி. பனி இல்லை. தளம் முழுக்க வெயில். எங்கேயும் ஒளிய இடமில்லாத வெயில். எதிரணி சேலம் பக்கத்துப் பெண்கள், ஐவரும் உயரமானவர்கள்.

ஐந்து கப்பும் வரிசையில் வைத்து உட்கார்ந்தேன். சுகன்யா முன்னால் பாய்ந்தாள். நான் காத்திருந்தேன். கீழேயிருந்து சத்தம் வரவில்லை.

சுகன்யா ஒரு கணம் நின்றாள். அவளும் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணத்தில் எதிராளி அவளைத் தாண்டிப் போய்ப் பந்தை வளையத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த முறை சுகன்யா பாயவில்லை. ஓர் அடி தள்ளி நின்றாள். அதற்கடுத்து இரண்டடி. முன்னால் இருப்பவள் பின்வாங்கியதும் நடுவில் இருந்த மூவரும் பின்வாங்கினார்கள். கடைசியில் ஐந்து பேரும் வளையத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியவர்கள் போல் நெருக்கியடித்து நின்றார்கள். எதிரணிப் பெண்கள் தூரத்தில் நின்று நிதானமாகக் குறி பார்த்துப் போட்டார்கள்.

இதை நான் இங்கே வந்து கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறேன். தடுப்பு என்பது முன்னால் நிற்பவளின் காலில் இல்லை. தான் ஏமாந்தாலும் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அந்த எண்ணம் போனால் கால் தானாகப் பின்னால் வருகிறது. ராஜவேலுவுக்கு இதில் பாதிதான் தெரியும்.

மூன்று கால்பகுதி முடிந்தபோது முப்பதுக்கு இருபத்தொன்று. ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். கயலின் கப்பில் ஒரு கொட்டையும் இல்லை. பெண்கள் பெஞ்சுக்கு வந்தார்கள். என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரம். எல்லாம் காதில் விழுந்தது.

ராஜவேலு பலகையில் கோடு போட்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. கயல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள்ளிருந்தே பேசினாள்.

"அக்கா, இன்னிக்கி பின்னால யாரும் இல்ல."

ராஜவேலு கோடு போடுவதை நிறுத்தினான்.

"நேத்து வரைக்கும் இருந்தாங்க" என்றாள் கயல்.

"தெரியும்டி" என்றாள் சுகன்யா. "எனக்கும்தான் கேட்டுது."

மற்ற மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி தலையாட்டினாள். பிறகு மற்ற இருவரும். இரண்டு மாதமாக ஐந்து பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"நான் சொல்லட்டுமாக்கா?"

நடுவர் விசில் ஊதினார். எழுந்து நான்கு அடி நடந்த சுகன்யா திரும்பி வந்து, கயலின் முகத்திலிருந்த துண்டைப் பிடுங்கினாள்.

"சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு. மெதுவா சொன்ன, அறைஞ்சிடுவேன்."

முதல் முறை அது வார்த்தையாகவே வரவில்லை. வெறும் முனகலாக இருந்தது. ஆனாலும் கொட்டை போட்டேன். இரண்டாம் முறை சற்று மேல். ஐந்தாம் முறை, கயல் கத்தியதில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. முந்தின இரண்டு நாள் கேட்ட குரல் அல்ல இது. காடாம்புலியூர்க் குரல், தோப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"இருக்கேன்! அக்கா, இருக்கேன்!"

சுகன்யா முன்னால் போனாள். எதிராளியின் மூச்சுப் படும் தூரத்துக்குப் போனாள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணி எடுத்தது இரண்டு புள்ளி. எங்களுக்கு அப்படியொன்றும் பந்து விழுந்துவிடவில்லை. பறித்த பந்தை ஓடிப்போய் வைத்ததில் வந்தவைதான் பெரும்பாலும். முப்பத்து மூன்றுக்கு முப்பத்திரண்டு, நாங்கள் ஒன்று முன்னால். கடிகாரத்தில் எட்டு விநாடி. பந்து அவர்கள் கையில்.

உயரமான பெண் ஒருத்தி உள்ளே பாய்ந்து கயல் மேல் மோதினாள். கயல் மல்லாந்து விழுந்தாள். நடுவர் விசில் ஊதவில்லை. பந்து வெளியே போய், மறுபடி சுகன்யாவின் எதிராளியிடம் வந்தது. சுகன்யாவுக்குப் பின்னால் வளையம் வரை வெற்றிடம். அவள் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"இருக்கேன்."

சுகன்யா பாய்ந்தாள். பந்து எதிராளியின் கையிலிருந்து தெறித்து, கோட்டைத் தாண்டி, என் நாற்காலிக் காலில் வந்து இடித்தது. மணி அடித்தது. குனிந்து பார்த்தேன். என் கை கயலின் கப்பில் ஒரு கொட்டையைப் போட்டிருந்தது. நிமிர்ந்தபோது கயல் இன்னும் மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது, காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். அணி கலையாது. பெண்கள் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ராஜவேலு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆள்.

சனி, பிற்பகல் 2.15.

மாத்திரை தீர்ந்துவிட்டதால் ஊர் திரும்பினேன். மறுநாள் மாலை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. மைதானத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். "கோயிலுக்குப் போவலையா சார்? செதம்பரம் வந்துட்டு?" என்று ஓட்டுநர் கேட்டார். மூன்று நாளாகக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்னொரு முறை என்றேன்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது, வெயில் பக்கம். வெள்ளாற்றுப் பாலத்தில் கைப்பேசி அடித்தது. ராஜவேலுவின் எண். பேசியது சுகன்யா.

"தாத்தா, ஒண்ணு கேக்கணும். கடைசி எட்டு செகண்டுல கயலு சொல்லவே இல்லையாம். மூச்சே வரலியாம்."

"ம்."

"எனக்குக் கேட்டுது. நம்பித்தான் பாஞ்சேன். உங்களுக்குக் கேட்டுச்சா? கப்புல கொட்டை வுழுந்துச்சா?"

முப்பத்து நான்கு வருடத்தில் விளையாததை விளைந்ததாக நான் எழுதியதில்லை. விளைந்ததை இல்லையென்றும் எழுதியதில்லை.

"விழுந்ததும்மா. ஒன்று."

மறுமுனையில் யாரோ பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த வார்த்தைய யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான வெச்சேன் தாத்தா. அதனால அவ கோச்சிகினாளோன்னு நெனச்சேன். இன்னிக்கிக் காலையில சத்தம் இல்லன்னதும் கோச்சிகினு போயிட்டான்னே முடிவு பண்ணிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "சரி தாத்தா. நாளைக்கு நாலு மணிக்கு. கப்பு எடுத்துகினு வந்துடுங்க."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

கடலூர் வந்து சேர மூன்றே முக்கால் ஆயிற்று. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பையன்கள் நாலைந்து கூட்டமாகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கத்திக்கொண்டுதான் ஆடினார்கள். நின்று கேட்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வாய் இருந்தது. சொந்த ஊரில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனது ஆறவில்லை.

மறுநாள் நான் போகவில்லை. போனால் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன், அந்த ஒரு கப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெறுமையாக இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். நிறைந்தால் சுகன்யாவிடம் சொல்ல வேண்டிவரும். கயல் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். அவள் இப்போதுதான் கத்தக் கற்றிருக்கிறாள். பின்னால் ஒருத்தி வேண்டும் என்பது உண்மை. அந்த ஒருத்தி கயலாக இருக்கட்டும்.

நாலு மணிக்கு வீட்டுக் கதவைத் தாளிட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. எதையும் எண்ணாமல் ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய்வருவதைவிடக் கடினமாக இருந்தது.